வாளிக்கு விழுந்த திட்டு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் ஆட்களோடு சிக்கி நின்றுபோன லிஃப்டைக் கீழே இறக்க வேண்டுமா, அவரைக் கூப்பிடுங்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அழுதாலும் சரி, வெளியே நிற்பவர்கள் குதித்தாலும் சரி, மனுஷன் பதறவே மாட்டார். மேலே மோட்டார் அறைக்குப் போவார், பிரேக்கைத் தளர்த்துவார், கையாலேயே சக்கரத்தைச் சுற்றி அலுங்காமல் குலுங்காமல் இறக்கிவிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார். எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே லிஃப்ட்காரர்தான். அப்பேர்ப்பட்டவர் ஒரு வெண்டை விதையை முளைக்கவைக்கத் தெரியாமல் திருதிருவென்று முழித்த கதையைச் சொல்லப்போகிறேன். அவர் எதிரிலேயே சொல்வேன், எனக்கென்ன பயம்.

நான் பள்ளிக்கூடச் சீருடை தைப்பவள். என் தையல் மெஷின் பின்பக்க ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கிறது, வெளிச்சத்துக்காக. கொல்லையில் நடக்கிற ஒன்றும் என் கண்ணுக்குத் தப்பாது. அதுவரைக்கும் அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம். தேய்ந்துபோன சக்கரங்கள், சுருட்டிவைத்த கம்பி வடங்கள், யாரோ மாற்றிவிட்டுத் தூக்கிப்போட்ட லிஃப்ட் கதவு ஒன்று. "இதையெல்லாம் எடைக்குப் போட்டா என்ன?" என்று கேட்டால் "வேணும்" என்பார். எதற்கு என்று கேட்டால் ஸ்பானரைத் துடைக்க உட்கார்ந்துவிடுவார்.

மழைக்காலம் தொடங்கும் முன்பு என் அம்மா எங்களோடு இருக்க வந்தாள். அப்பா போனபிறகும் அம்மா அந்தப் பழைய வாடகை வீட்டிலேயேதான் தனியாக இருந்தாள். வீட்டுச் சொந்தக்காரர் அதை விற்றுவிட்டார், காலி பண்ண வேண்டியதாகிவிட்டது. இரண்டு பெட்டியோடு வந்தாள். ஒன்றில் துணிமணி. இன்னொன்றில் அப்பாவின் காலி மாத்திரை டப்பாக்கள், டப்பாவுக்கு ஒரு வகை விதை. மாத்திரை சாப்பிட்டவர் போய்ச் சேர்ந்துவிட்டார், டப்பாக்கள் மட்டும் இன்னும் ஓய்வில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தன.

நான் பிறந்த வீட்டில் காய் வாங்கி யாரும் பார்த்ததில்லை. கடைக்குப் போனால் அரிசி, எண்ணெய், உப்பு, சோப்பு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் பின்பக்கத்து மண்ணிலிருந்து வந்தது. அந்த வித்தையை அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தது அவளுடைய மாமனார், அதாவது என் தாத்தா. கற்றுக்கொடுத்தார் என்றால் திட்டித் தீர்த்தார் என்று அர்த்தம். கட்டிக்கொண்டு வந்த புதிதில் பாத்தி கோணலாகிவிட்டது என்று முழுப் பாத்தியையும் கலைத்துத் திரும்பப் போடச் சொன்னாராம். அம்மா அழுதுகொண்டே போட்டாளாம். "திட்டித் திட்டியே எனக்குத் தெரியவெச்சாரு. ஆனா ஒண்ணு, வேற வீட்டுல பொறந்து நம்ம வீட்டுக்கு வந்த பிள்ளையை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்" என்பாள். அந்த முடிவுதான் பின்னால் எங்கள் உயிரை வாங்கியது.

எங்கள் வீட்டில் அம்மா விருந்தாளியாகவே இருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாற்காலியின் நுனியில்தான் உட்காருவாள். அவர் உள்ளே வந்தால் எழுந்து நிற்பாள். பிரிட்ஜைத் திறப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்ப்பாள். பெட்டியிலிருந்து துணியை எடுத்து அலமாரியில் அடுக்கு என்று எத்தனை தடவை சொல்லியும், "இருக்கட்டும்டி, கொஞ்ச நாளைக்குத்தானே" என்று பெட்டியிலேயே வைத்திருந்தாள். என் தம்பி வேறு ஊரில் எட்டாவது மாடியில் இருக்கிறான். மழை முடிந்ததும் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அவன் தங்கமான பிள்ளை, குறை சொல்லமாட்டேன். ஆனால் எட்டாவது மாடியில் அம்மா எதைத் தோண்டுவாள்? சுவரைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

"இங்கேயே இருந்துடச் சொல்லுங்களேன்" என்று அவரிடம் கேட்டேன்.

"நான் சொன்னா மாப்பிள்ளை மரியாதைக்குச் சொல்றாருன்னு நினைச்சுப்பாங்க" என்றார். அவருக்கு அம்மா கிடையாது. நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டாள். விடுதியிலும் பட்டறையிலும் வளர்ந்தவர். என் அம்மா தட்டில் சோறு வைத்து "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மாப்பிள்ளை" என்று சொன்னால், பசிக்காவிட்டாலும் தட்டை நீட்டுவார். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "இருங்கன்னு சொன்னா இருக்க மாட்டாங்க. இருக்கிறதுக்கு ஒரு வேலை வேணும். நம்மகிட்டதான் மண்ணு இருக்கே."

அடுத்த விடுமுறை நாளில் கொல்லையைக் காலி பண்ணினார். நான் வருஷக்கணக்காகக் கத்தியும் நகராத சக்கரங்கள் எல்லாம் ஒரே காலையில் சுவரோரம் போய்விட்டன. பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு அம்மா முன்னால் வந்து நின்றார்.

"அத்தை, எனக்குத் தோட்டம் போடக் கத்துக்கொடுங்க. கடைப்பக்கமே போகாம நீங்க சமைச்சீங்களாமே, அந்த மாதிரி."

அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்குத்தான் முதல்முதலாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். சரி, பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். என் அவசரப் புத்தி.

மண்ணைக் கொத்தி, எரு போட்டுக் கிளறியாயிற்று. முதலில் வெண்டை. "விதைக்கு ரெண்டு விரல் ஆழம் போதும் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு அம்மா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள். எந்த ஊரிலும் எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டால் இரண்டு விரலைச் சேர்த்துவைத்து அதன் அகலத்தை அளப்பான். என் வீட்டுக்காரர் மெக்கானிக் அல்லவா. ஆள்காட்டி விரலை இரும்பு ஸ்கேலில் நீட்டிவைத்து நுனியிலிருந்து அடிவரை அளந்தார். அதை இரண்டால் பெருக்கினார். நீளமான ஸ்குரூடிரைவரில் அந்த அளவுக்கு டேப் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டு, வரிசை பிசகாமல் துளை போட்டு, துளைக்கு ஒரு விதையாகப் போட்டு மூடினார். ஜன்னல் வழியாகப் பார்த்த எனக்கு, கையிலிருந்த காலர் தலைகீழாகத் தைக்கப்பட்டதுகூடத் தெரியவில்லை.

அம்மா வெளியே வந்து பார்த்தாள். அந்த ஸ்குரூடிரைவரைப் பார்த்தாள்.

"எப்படி இருக்கு அத்தை?"

"நேர்த்தியா இருக்கு மாப்பிள்ளை."

நேரே சமையலறைக்குள் வந்து என் காதில், "விதைக்கலடி. அடக்கம் பண்ணிட்டாரு" என்றாள்.

"அதை அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"மாப்பிள்ளைகிட்டப் போய் தப்புன்னா சொல்றது? மனசு கஷ்டப்பட மாட்டாரா? நீ சொல்லேன்."

சொன்னேன். "அத்தையே நேர்த்தியா இருக்குன்னு சொல்லிட்டாங்க. நீ நடுவுல புகுந்து குட்டையைக் குழப்பாதே. உனக்குத் தெரிஞ்சது துணி" என்றார் அவர். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எக்கேடோ கெட்டுப் போங்கள், உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓட நான் என்ன தபால்காரியா என்று மெஷினை மிதிக்கத் தொடங்கினேன்.

அவர் வேலைக்குப் போனதும் அம்மா என்ன செய்தாள் தெரியுமா? மாத்திரை டப்பாவைத் திறந்து, அதே வரிசையில், அதே இடத்தில், வேறு விதைகளை மேலாக ஊன்றிவிட்டு, அவர் கைத்தடம் தெரிகிற மாதிரியே மண்ணைத் தட்டிவைத்தாள். விதை முளைத்தது. முளைக்காமல் என்ன செய்யும். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தியா?" என்றார் என்னிடம். எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னார். முடிவெட்டும் இடத்தில் சொன்னார். "எனக்குக் கைராசி இருக்கு போல" என்று தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பினால் சிரித்துவிடுவாள்.

அடுத்தது தண்ணீர். "நாத்து சின்னதா இருக்கிறப்ப தண்ணி காட்டினா போதும் மாப்பிள்ளை" என்றாள் அம்மா. அம்மா பேச்சில் தண்ணி காட்டுவது என்றால் லேசாகத் தெளிப்பது, வேர் நனைந்தால் சரி. என் வீட்டுக்காரர் குழாயை மாட்டினார். "காட்டுறதுன்னு வந்தாச்சு, நல்லாவே காட்டிடலாம் அத்தை" என்று திறந்துவிட்டார். பாத்தி குளமாகிவிட்டது. நாற்றெல்லாம் குப்புறப் படுத்துக்கொண்டன.

"பரவாயில்லை மாப்பிள்ளை, அதுங்களுக்கும் தாகமா இருந்திருக்கும்" என்றாள் என் அம்மா.

இதற்கும் அவள் தயாராகத்தான் இருந்திருக்கிறாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பழைய பெயின்ட் டப்பாக்களில் ரகசியமாக நாற்று வளர்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றைக் கொன்றால் இவள் ஒன்றை நடுவாள். கத்தரியும் தக்காளியும்கூட இப்படியே நடந்தது. அவர் கொல்வதும் இவள் உயிர்ப்பிப்பதும், அவர் மார்தட்டிக்கொள்வதும் இவள் ஆமாம் போடுவதுமாக நாடகம் போய்க்கொண்டிருந்தது. நான் ஜன்னலில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன்.

ஒருநாள் அவர் வேலை சீக்கிரம் முடிந்து, சாப்பாட்டு நேரத்துக்கே வந்துவிட்டார். வண்டியை நிறுத்திவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு நேரே கொல்லைப்பக்கம் வந்தவர் அப்படியே நின்றார். அம்மா மண்டியிட்டு, அவர் நட்டு அழுகிப்போன தக்காளி நாற்றைப் பிடுங்கி மடியில் மறைத்துக்கொண்டு, அதே குழியில் புதிதாக ஒன்றை நட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலில் என்னைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார். வந்த வழியே பூனைமாதிரி போய், வாசல் கேட்டைப் படாரென்று சாத்தி, இருமிக்கொண்டே முன்பக்கமாக உள்ளே வந்தார். அம்மா அதற்குள் கையைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

"வாங்க மாப்பிள்ளை. உங்க தக்காளி ஜோரா பிடிச்சுக்கிச்சு."

"எல்லாம் நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் அத்தை" என்றார்.

அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "அத்தை எனக்கே தண்ணி காட்டிட்டாங்க" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்து நிமிர்ந்தால் அவர் சிரிக்கவில்லை.

"நான் ஒண்ணுமே கத்துக்கல, பார்த்தியா? ஒரு செடிகூட என்னுது இல்லை. அவங்க இருக்கணும்னு ஒரு வேலை குடுத்தேன்னு நினைச்சேன். விருந்தாளியா இருந்தவங்களை எனக்குப் பின்னாலயே ஒளிஞ்சு ஒளிஞ்சு வேலை செய்ய வெச்சிருக்கேன். தன் வீட்டுல யாராவது ஒளிஞ்சு வேலை செய்வாங்களா? மழை நின்னு உன் தம்பி வந்து நின்னா, பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவாங்க."

இத்தனை நாளும் வேடிக்கையாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தோன்றவே இல்லை. அம்மா இந்த வீட்டில் இன்னும் அவருடைய மனசு நோகக்கூடாது என்றே நடந்துகொண்டிருந்தாள். அப்படி நடந்துகொள்ளும்வரை அவள் இங்கே இருக்கப்போவதில்லை.

மறுநாள் காலையில் அவர் அம்மாவிடம் போய், "அத்தை, என்னைத் திட்டுங்க" என்றார்.

அம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "என்ன பேச்சு மாப்பிள்ளை இது?"

"நேத்து நான் பார்த்துட்டேன். தக்காளி, வெண்டை எல்லாம் நீங்க நட்டதுன்னு தெரியும். நான் லிஃப்ட் வேலை கத்துக்கிட்ட எடத்துல ஒரு பெரியவர் இருந்தாரு. ஒரு போல்ட் தளர்ந்திருந்தா போதும், எருமை, தடிமாடுன்னு கட்டடமே கேட்கிற மாதிரி திட்டுவாரு. அவரு மட்டும் 'நேர்த்தியா இருக்கு தம்பி'ன்னு சொல்லியிருந்தா, நான் இந்நேரம் யாரையாவது கொன்னுட்டு ஜெயில்ல இருந்திருப்பேன். எனக்குத் திட்டினாத்தான் மண்டையில ஏறும் அத்தை."

"என் மாமனாரும் அப்படித்தான்" என்றாள் அம்மா மெதுவாக. "ஆனா என்னால முடியாது. மாப்பிள்ளையை எப்படித் திட்டுறது? நாக்கு எழும்பாது."

அவர் வாளியை எடுத்துக்கொண்டு கொல்லையில் இறங்கினார். பழைய பழக்கத்தில் கத்தரிப் பாத்தியில் மடமடவென்று சாய்த்தார். அம்மா பின்னாலேயே போனாள். வாயைத் திறந்தாள், மூடினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து வாளியைப் பார்த்து ஆரம்பித்தாள்:

"ஏ வாளி, உனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? இப்படிக் கொட்டினா வேர் மூச்சுமுட்டிச் சாகாதா? சாயங்காலமா வந்து கையால தெளி. மண்ணைத் தொட்டுப் பாரு, ஈரமா இருந்தா பேசாம போ. ஊரான் வீட்டுத் தண்ணின்னு நினைச்சியா?"

அவர் வாளியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "தப்புதான் அத்தை. இனிமே இப்படிச் செய்ய மாட்டேன்" என்று வாளிக்காகப் பதில் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ஊசி விரலில் குத்திவிட்டது. குத்தினால் குத்தட்டும் என்று சிரித்தேன்.

அன்றிலிருந்து அந்த வாளி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. களையோடு சேர்த்து முளைக்கீரையையும் பிடுங்கியது வாளி. அவரைப் பந்தலை நிழலில் கட்டியதும் வாளி. மண்வெட்டியைக் கழுவாமல் போட்டது, எருக்குழியை மூடாமல் விட்டது எல்லாம் அந்த ஓட்டை வாளிதான். "இந்த வாளிக்கு எத்தனை தடவை சொல்றது" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "மரமண்டை அத்தை அதுக்கு" என்பார் அவர். தாத்தா எங்கிருந்தாலும் மெச்சியிருப்பார். அவருடைய வார்த்தைகள் ஒன்று விடாமல் அம்மா வாயில் இருந்தன, எல்லாம் வாளி தலையில் இறங்கின.

வித்தையும் இறங்கியது. ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்கக்கூடாது, "ஒரே நாள்ல விதைச்சா ஒரே நாள்ல திங்கணும், மறுநாள் என்ன பண்ணுவ வாளி?" என்பதால் வாரத்துக்கு ஒரு கைப்பிடியாக விதைத்தார். சமையலறைக் கழிவு ஒன்றுகூட வெளியே போகவில்லை, அந்தப் பழைய லிஃப்ட் கதவு எருக்குழிக்கு மூடியாகிவிட்டது. எடைக்குப் போடச் சொன்னேனே, அந்தக் கம்பி வடங்களை இழுத்துக் கட்டி அவரைக்கும் பாகலுக்கும் பந்தல் போட்டார். நல்லவேளை நான் போடவில்லை என்று வாய்விட்டே சொன்னேன், அன்று முழுக்க அவரைப் பிடிக்க முடியவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போனது. மழை சளைக்காமல் பெய்தது. நானும் கூடை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதைக் குறைத்து, பிறகு மறந்தே போனேன். காய்க்கடைக்காரர் வழியில் பார்த்து, "என்னம்மா, நம்ம கடை மேல ஏதும் கோபமா?" என்று கேட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

விதைக்காய் பற்றியும் அப்போதுதான் அம்மா சொன்னாள். செடியிலோ கொடியிலோ முதலில் பிடிக்கிற, நன்றாகத் திரண்ட காயைச் சாப்பிடக்கூடாது. அது விதைக்கு. காம்பு காய்ந்து கட்டையாகும்வரை அதிலேயே கிடக்க வேண்டும். அடையாளத்துக்கு என் வெட்டுத் துணியிலிருந்து சிவப்புப் பட்டைகள் கிழித்துக் கட்டினோம். ஒரு வெண்டையில், இரண்டு கத்தரியில், பிறகு சுவரோரம் கிடந்த பெரிய பூசணியில். "சிவப்பு கட்டினதைத் தொட்ட, கையை ஒடிச்சுடுவேன் வாளி" என்றாள் அம்மா.

"அத்தை, எங்க வேலையிலயும் அதே சட்டம்தான்" என்றார் அவர். "மெயின் சுவிட்சுல சிவப்பு அட்டை தொங்கினா யாரும் கை வைக்கக்கூடாது. வெச்சா உள்ள வேலை செய்யறவன் காலி."

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவின் துணி மட்டும் இன்னும் பெட்டியிலேயே இருந்தது. தினமும் குளித்துவிட்டுப் பெட்டியைத் திறப்பாள், எடுப்பாள், மூடுவாள். அந்த மூடி சாத்துகிற சத்தம் எனக்கு நெஞ்சில் விழும்.

மழை நின்றது. தம்பி வருகிறேன் என்று போன் பண்ணினான். அம்மா "சரிப்பா" என்றாள். அன்று சாயங்காலம் மாத்திரை டப்பாக்களைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். "இதெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க மாப்பிள்ளை. எட்டாவது மாடியில எனக்கு எதுக்கு." அவர் டப்பாக்களைத் தொடவில்லை. "இருக்கட்டும் அத்தை" என்றார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். போகாதே என்று நான் சொன்னால் இருப்பாள், மகளுக்காக. என் முகத்துக்காக இருக்கிறவள் மறுபடியும் நாற்காலி நுனியில்தான் உட்காருவாள். அதனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

தம்பி காலையிலேயே வந்து இறங்கினான். கொல்லையைப் பார்த்து அசந்துவிட்டான். "அத்தான், இது நீங்க போட்டதா?"

"நானும் ஒரு வாளியும்" என்றார் அவர்.

"சாப்பிட்டுட்டுக் கிளம்பிடலாம்மா" என்றான் தம்பி. அம்மா தலையாட்டினாள். வாசலருகில் இரண்டு பெட்டியும் தயாராக நின்றன.

மதியச் சாப்பாடு முழுக்க நம் கொல்லையிலிருந்துதான் என்று அவர் அறிவித்தார். அரிசியும் உப்பும் எண்ணெயும் தவிர எதுவும் கடைச் சரக்கு இல்லை. கீரை பறித்தார், வெண்டை பறித்தார், அவரை பறித்தார். நான் பின்பக்க ஜன்னலருகே உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மாவும் தம்பியும் பின்பக்கப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். "மச்சானுக்கு ஒரு நல்ல பூசணி போட்டுடலாம்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டு, கத்தியோடு சுவரோரம் போனார். சிவப்புத் துணி கட்டிய பூசணி முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். காம்பைப் பிடித்தார். கத்தியை வைத்தார்.

"டேய்!"

நான் பிறந்ததிலிருந்து என் அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"எடுடா கையை! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? விதைக்காய்டா அது. காம்பு இன்னும் பச்சையா இருக்கு, அதை அறுக்கப் போறியே. அறுத்துட்டா அடுத்த மழைக்கு நாம என்னத்தை விதைக்கிறது? உன் தலையையா?"

எழுந்து போய் அவர் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கினாள். அவர் குந்திய இடத்திலேயே, கை இரண்டையும் தூக்கிக்கொண்டு, அம்மாவை அண்ணாந்து பார்த்தார். அந்த முகத்தை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கத்தியைக் கீழே போட்டாள்.

"மாப்பிள்ளை, வாய் தவறி வந்துடுச்சு. வாளியைச் சொல்ற பழக்கத்துல..."

"வாளி அங்க குழாயடியில இருக்கு அத்தை" என்றார் அவர். "இது எனக்கு வந்த திட்டு. திருப்பி வாங்கிக்காதீங்க."

தம்பி படியிலிருந்து எழுந்தான். விளையாட்டுப் பிள்ளை போல இருந்தாலும் காது கூர்மை அவனுக்கு. "அம்மா, அடுத்த மழைக்கு நாமன்னு சொன்னியே. யாரும்மா அந்த நாம?"

அம்மா பூசணியைப் பார்த்தாள். பந்தலைப் பார்த்தாள். காம்பில் கத்தி பட்ட இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள், ஆழமாகப் படவில்லை. பிறகு சிவப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"பின்னே? இவனை நம்பி இதை விட்டுட்டு நான் எப்படிடா வர்றது?"

நான் கையிலிருந்த கீரையோடு அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. தம்பி என்னைப் பார்த்துவிட்டு, வாசலுக்குப் போய் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு வந்து உள்ளறையில் வைத்தான். சாப்பிட்டுவிட்டு, பை நிறையக் காய் வாங்கிக்கொண்டு தனியாகக் கிளம்பினான். "எனக்கும் பால்கனி இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை வந்து திட்டும்மா" என்றான்.

அவனை வழியனுப்பிவிட்டு வந்தபிறகு அவரைத் தனியாகப் பிடித்தேன். சிவப்பு அட்டை தொங்கினால் கை வைக்காதே என்று வேலைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் பாடம் எடுக்கிற மனுஷன். "உண்மையைச் சொல்லுங்க. தெரிஞ்சேதானே கத்தியை வெச்சீங்க?"

"அதை வாளிகிட்டக் கேளு" என்றார்.

இப்போதும் வீட்டுக்குள் அம்மா அவரை "மாப்பிள்ளை, வாங்க, போங்க" என்றுதான் சொல்கிறாள். கொல்லைப் படி இறங்கினால் மட்டும் வாடா போடாதான். அவர் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நேரே கொல்லைக்கு ஓடுவது செடிக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். தம்பி கிளம்பிப்போன அன்று சாயங்காலமும் ஓடினார். உள்ளறையில் அம்மா அலமாரியைத் திறந்து துணியை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்.

"அங்க என்னடா வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கிற? கத்தரிக்குத் தண்ணி காட்டு."